360 படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டை மாதிரி ஓர் இடத்தை முப்பரிமாணத்தில் பதிவு செய்ய 360 கமரா நல்ல தோது. ட்ரோன் விடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதிக்கு அலைய வேண்டும். சாதாரண கமராவோடு போனால் ஒவ்வொரு மூலைக்கும் படம் எடுத்தே பொழுது போய்விடும். 360 கமராவைத் தடியில் மாட்டிக்கொண்டால், வெயில் ஏறுவதற்குள் ஒருவரே நாலு கொத்தளத்தையும் சுற்றி வந்துவிடலாம். தலையிடி தொடங்குவது வீட்டுக்கு வந்து கணினியில் போட்ட பிறகுதான். பாதிப் படங்கள் சேராது. சேர்ந்தவை மூன்று துண்டாக நிற்கும். ஒரே மதில் இரட்டையாகத் தெரியும்.

இந்த இடத்தில் அனேகமானோர் செய்வது, மேட்சரை, அதாவது இரண்டு படங்களில் ஒரே புள்ளியைத் தேடிச் சேர்க்கும் நிரலைக் குறை சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்றை இறக்குவது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பனோரமாவில், அதாவது முழு 360 படத்தில், மேட்ச் கெடுவதற்குப் பெரும்பாலான காரணங்கள் மேட்சருக்கு முந்திய கட்டத்திலேயே இருக்கின்றன: உருண்டையான காட்சியைத் தட்டைப் படம் என்று மென்பொருளிடம் கொடுத்தது, கமராவைப் பிடித்த விதம், லென்சில் படிந்த உப்பு.

எதையும் தொடுவதற்கு முன் நான்கு எண்கள்

படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி உருவாக்கும் மென்பொருட்களில் கொல்மாப், மெட்டாஷேப், ஓப்பன்எம்விஜி என்று எதைப் பாவித்தாலும் வேலை நான்கு கட்டமாகத்தான் நடக்கிறது. முதலில் ஒவ்வொரு படத்திலும் ஃபீச்சர் புள்ளிகள், அதாவது மூலை, கறை போலத் தனித்துத் தெரியும் இடங்கள், எடுக்கப்படும். அப்புறம் படங்களை இரண்டிரண்டாக வைத்து அந்தப் புள்ளிகள் ஒப்பிடப்பட்டு மேட்ச் ஆகும். மூன்றாவதாக, அந்த மேட்ச்கள் கமராவின் வடிவியலுக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கப்படும். இதில் தப்பியவைதான் இன்லையர். கடைசியில் இன்லையர்களை வைத்துப் படங்கள் இடத்தில் பொருத்தப்படும்.

அடுத்தடுத்து நின்று எடுத்த இரண்டு படங்களை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள். எண் எந்தக் கட்டத்தில் சரிகிறதோ அந்தக் கட்டத்தில்தான் கோளாறு. கொல்மாப்பில் இதற்கு நிரல் எழுதத் தேவையில்லை. டேட்டாபேஸ் மேலாண்மைச் சாளரத்தில் ஒரு படத்தைத் தெரிவு செய்து, அதோடு ஒட்டிய படங்களைக் காட்டச் சொன்னால் மேட்ச், இன்லையர் என்ற இரண்டு எண்ணிக்கையும் வரும், கோடு போட்டும் காட்டும். அந்தக் கோடுகளைக் கண்ணால் பார்ப்பது எந்த அட்டவணையையும் விடப் பயன் தரும்.

புள்ளிகள் ஏராளம், ஆனால் மேட்ச் ஆவது படத்தின் நடுப்பட்டையில் மட்டும்

இதுதான் அடிக்கடி வரும் அறிகுறி. 360 கமரா தரும் படம் அகலம் இரண்டு, உயரம் ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும், 5.7கே வீடியோவில் ஒரு பிரேம் 5760க்கு 2880 பிக்சல். உருண்டையை இப்படி விரிக்கும்போது, அடிவானத்திலிருந்து மேலே போகப் போக எல்லாம் பக்கவாட்டில் இழுபடும். 60 பாகை உயரத்தில் இரண்டு மடங்கு, 75 பாகையில் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இழுபடுவது மட்டும் என்றால் பெரிய சேதமில்லை, இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இழுபட்டால் மேட்ச் ஆகிவிடும். சிக்கல், நாம் நடக்கும்போது அந்த இழுவை மாறுவதில்தான் இருக்கிறது. கோட்டை வாயில் வளைவில், கமராவுக்கு 2 மீற்றர் மேலே இருக்கும் ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். 6 மீற்றர் தள்ளி நின்றால் அது 18 பாகை உயரத்தில் தெரியும், இழுவை வெறும் 5 சதவீதம். வாயிலுக்கு 1 மீற்றர் கிட்டப் போனால் அதே கல் 63 பாகைக்கு ஏறிவிடும், இரண்டு மடங்குக்கும் மேலாக அகன்றுவிடும். சிஃப்ட் என்ற வழக்கமான முறையில் எடுக்கும் புள்ளிகள் படம் பெரிதாவதையும் சுழல்வதையும் தாங்கும். ஒரு பக்கமாக மட்டும் இரண்டு மடங்கு இழுத்தால் தாங்காது. கல் அதே கல்தான், விவரிப்பு வேறாகிவிடுகிறது. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருப்பவை மட்டும் தப்பிப் பிழைக்கின்றன, அதுதான் அந்த நடுப்பட்டை.

இதற்கு வழி, பனோரமாவைத் தட்டையான முகங்களாக வெட்டிக் கொடுப்பது. நாலு திசை, மேல், கீழ் என ஆறு முகம் வெட்டுவது வழக்கம். நான் 90 பாகைக்குப் பதிலாக 100 பாகைக்கு வெட்டச் சொல்வேன். முகத்தின் ஓரத்தில் விழும் ஒரு ஜன்னல் இரண்டாகப் பிளந்து, இரண்டு முகத்திலும் உதவாமல் போவதை அது தவிர்க்கும்.

முகத்தின் அளவை ஊகத்தில் வைக்காதீர்கள். பனோரமாவின் அகலத்தை 3.14ஆல் வகுத்தால் 90 பாகை முகத்துக்கு வேண்டிய பிக்சல் வரும். 5760க்கு ஏறக்குறைய 1830. அதைவிடப் பெரிதாக வெட்டினால் இல்லாத பிக்சலை ஊதிப் பெருப்பிப்பதுதான் நடக்கும், புள்ளி எண்ணிக்கை கூடும், தரம் கூடாது. சிறிதாக வெட்டினால் விவரம் போகும். முழுப் பனோரமாவை அப்படியே கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொல்மாப்பின் வழக்கமான அமைப்பில் படத்தின் நீண்ட பக்கம் 3200 பிக்சலுக்குச் சுருக்கப்படும். 11968 பிக்சல் அகலப் படம் எடுக்கும் கமராவுக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் கால்வாசியைத்தான் பாவிக்கிறோம்.

வெட்டிய முகத்துக்குக் குவியத் தூரம் தேட வேண்டியதில்லை, கணக்கிலேயே வந்துவிடும். 90 பாகை முகத்துக்கு அகலத்தில் பாதி. 100 பாகைக்கு அகலத்தை 2.3835ஆல் வகுங்கள், 1800 பிக்சல் முகத்துக்கு 755. லென்ஸ் வளைவு பூச்சியம். இவற்றைக் கொடுத்துவிட்டு, மென்பொருள் தானாகத் திருத்தாதபடி பூட்டிவிடுங்கள். பூட்டாமல் விட்டால், மேட்ச் குறைந்த இடத்தில் அது குவியத் தூரத்தை நகர்த்திச் சமாளிக்கப் பார்க்கும். மதில் வளைந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மேட்ச் நூற்றுக்கணக்கில், சரிபார்ப்பில் மிஞ்சுவது கை விரலுக்குள்

இரண்டாவது எண் நன்றாக இருந்து மூன்றாவது விழுந்தால், முதலில் கமரா வகையைப் பாருங்கள். முழுப் பனோரமாவைச் சாதாரண கமராப் படம் என்று நினைத்து மென்பொருள் சரிபார்த்திருந்தால், நல்ல மேட்ச்களையே அது தூக்கி எறியும். சாதாரணப் படத்தில், ஒரு புள்ளியின் இணை மற்றப் படத்தில் ஒரு நேர்கோட்டின் மேல் இருந்தாக வேண்டும். பனோரமாவில் அந்தக் கோடு அலை மாதிரி வளைந்து ஓடும். நேர்கோட்டைத் தேடும் சோதனைக்கு வளைகோட்டில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் பிழையாகத்தான் தெரியும்.

மெட்டாஷேப்பில் கமரா வகையை ஸ்பெரிக்கல் என்று நீங்களே மாற்ற வேண்டும். ஓப்பன்எம்விஜியிலும் உருண்டைக் கமரா மாதிரி இருக்கிறது. சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள், பிக்சலை விட்டுவிட்டு ஒவ்வொரு புள்ளியையும் ஓரலகு நீளத் திசைக் கோடாக மாற்றி, இரண்டு கமரா நிலைகளையும் தொடர்புபடுத்தும் எசென்ஷியல் மேட்ரிக்ஸைத் திசைகளுக்கே கணக்கிட வேண்டும். பிழை எல்லையும் கோணத்தில் இருக்க வேண்டும். 5760 அகலப் படத்தில் ஒரு பாகைக்கு 16 பிக்சல். ஆகவே 4 பிக்சல் எல்லை என்றால் கால் பாகை. பிக்சலிலேயே எல்லை வைத்தால் மேலும் கீழும் உள்ள புள்ளிகளுக்கு அநியாயம் நடக்கும்.

முகங்களாக வெட்டியும் இதே அறிகுறி வந்தால், எந்தச் சோடிகள் விழுகின்றன என்று பாருங்கள். ஒரே பனோரமாவில் வெட்டிய இரண்டு முகங்கள் என்றால் கவலை வேண்டாம். அவற்றுக்குக் கமரா மையம் ஒன்றே, நகர்வு இல்லாத இடத்தில் ஆழம் கிடைக்காது. கொல்மாப் அந்தச் சோடியைப் பனோரமிக் என்று குறித்துவைக்கும். அந்தச் சோடிகளை ஒப்பிடவே விடாமல் தவிர்ப்பது நல்லது. அதைவிட நல்லது ஆறு முகத்தையும் ஒரே ரிக், அதாவது ஒன்றோடொன்று அசையாமல் பூட்டிய கமராத் தொகுதி, என்று அறிவிப்பது. 2025இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து கொல்மாப்பில் ரிக் வசதி இருக்கிறது. வெள்ளை மதிலைப் பார்த்த முகத்தில் ஒன்றுமே மேட்ச் ஆகாவிட்டாலும், பக்கத்து முகம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும்.

ஒரு சில முகங்கள் மட்டும் தொடர்ந்து தோற்கின்றன

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் பதில் உடனே கிடைக்கும். எல்லாப் பனோரமாவுக்கும் சேர்த்து, முன், பின், இடம், வலம் என்று முக வாரியாக இன்லையர்களைக் கூட்டிப் பாருங்கள்.

பின் முகம் மட்டும் மெலிந்திருந்தால் அந்த லென்சைத் துடையுங்கள். நம் பக்கத்துக் கடற்கரையில் அரை மணி நேரம் நடந்தாலே உப்புக்காற்று கண்ணாடியில் மெல்லிய படலம் போட்டுவிடும். பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் படம் எடுப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கமராவின் சின்னத் திரையில் அது தெரியாது. கணினியில் முழு அளவில் பெருப்பித்தால், ஒரு லென்ஸ் கூர்மையாகவும் மற்றது பால் கலந்த மாதிரியும் இருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் உப்பு தேய்ந்து கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி, அப்புறம் துடையுங்கள்.

இடமும் வலமும் தோற்று, முன்னும் பின்னும் நன்றாக இருந்தால் கோளாறு ஒட்டுக்கோட்டில். 360 கமராவில் முதுகோடு முதுகாக இரண்டு ஃபிஷ்ஐ லென்ஸ் இருக்கின்றன. இரண்டு படமும் சேரும் கோடு இடது, வலது முகங்களின் நடுவால் போகிறது. லென்ஸ் மையங்கள் 3 சென்ரிமீற்றர் விலகியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அரை மீற்றரில் உள்ள சுவர் அந்தக் கோட்டில் 3.4 பாகை, அதாவது 50 பிக்சலுக்கும் மேல் பிசகும். 5 மீற்றரில் உள்ளதற்கு 5 பிக்சல்தான். கமரா அந்தப் பிசகை மறைக்கப் படத்தை இழுத்து ஒட்டுகிறது. பார்க்க அழகாக இருக்கும், அளக்க உதவாது.

மதில் ஓரமாக நடக்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முன் லென்சைப் போகும் திசைக்குப் பிடித்துக்கொண்டு நடந்தால், ஒட்டுக்கோடு நேரே மதிலில் விழும். பதிவு செய்ய வந்ததே மதிலை, கெட்டுப்போவதும் அதே மதில். கமராவை 90 பாகை திருப்பி, ஒரு லென்ஸ் மதிலைப் பார்க்கும்படி பிடியுங்கள். வேறு எந்த அமைப்பையும் மாற்றாமல் இது ஒன்றே படங்களைச் சேர்த்துவிடுவதைக் காணலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஒட்டாத இரட்டை ஃபிஷ்ஐ மூலப் படத்தையே எடுத்து, இரண்டு லென்சையும் ஒரு ரிக்காக வைத்து ஃபிஷ்ஐ மாதிரியில் ஓட்டுங்கள்.

ஒரு நிபந்தனை: இந்தச் சோதனைக்குத் திசைப் பூட்டை நிறுத்தியிருக்க வேண்டும். அது இயங்கினால், நீங்கள் எப்படித் திரும்பினாலும் படம் ஒரே திசையில் நிற்கும். எந்த முகம் எந்த லென்சுக்குரியது என்ற தொடர்பே அறுந்துவிடும்.

எல்லாப் படமும் எல்லாப் படத்தோடும் ஒட்டுகிறது

முதல் பார்வைக்குச் சந்தோஷமாக இருக்கும். கோட்டைத் தென்மேற்கில் எடுத்த படமும் வடகிழக்கில் எடுத்த படமும் ஐம்பது இன்லையரோடு ஒட்டியிருக்கும். கோடுகளைப் பாருங்கள், எல்லாம் கீழ் முகத்தில், உங்கள் தொப்பியிலும் சட்டைப் பூவிலும் தடிப் பிடியிலும் குவிந்திருக்கும். நீங்கள் கமராவோடு கூடவே நகர்வதால், மென்பொருளுக்குக் கமரா நகரவே இல்லை என்று தோன்றும். நிலத்தை மறைக்க ஒட்டும் வட்ட லோகோவும் இதே வேலையைச் செய்யும்.

மாஸ்க், அதாவது மறைக்க வேண்டிய இடம் கறுப்பாக உள்ள துணைப் படம், போடுங்கள். கொல்மாப்பில் கறுப்பான இடத்தில் புள்ளி எடுக்கப்படாது. மாஸ்க் கோப்பின் பெயர், படத்தின் முழுப் பெயருக்குப் பின்னால் இன்னொரு பிஎன்ஜி நீட்சி சேர்த்ததாக இருக்க வேண்டும். ஜேபெக் நீட்சியை எடுத்துவிட்டுப் பெயர் வைத்தால் மாஸ்க் போட்டதாகவே ஆகாது. திசைப் பூட்டோடு எடுத்த படங்களுக்கு ஒரே மாஸ்க் சரிவராது, ஆள் படத்துக்குப் படம் வேறிடத்தில் நிற்பார்.

வானத்தையும் மறையுங்கள். மேகத்திலும் சிஃப்ட் புள்ளி எடுக்கும், அந்த மேகம் அடுத்த படத்திலும் இருக்கும். வாவித் தண்ணீர், கச்சான் காற்றில் ஆடும் தென்னோலை இரண்டும் சரிபார்ப்பில் தாமாகவே விழுந்துவிடும், அவற்றுக்காக மினக்கெட வேண்டாம்.

பாலம் கட்டையாகிவிட்டது

கல்லடிப் பழைய பாலத்தை எடுத்தவர்களுக்கு இது தெரியும். 1924இல் கட்டியது, ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்த பிறகு, பழையது ஆறுதலாகப் படம் எடுக்கத் தோதாகிவிட்டது. யாராவது நின்று, “தம்பி, யூடியூப்புக்கா?” என்று கேட்பார்கள், அவ்வளவுதான் இடைஞ்சல். ஆனால் மாதிரியை உருவாக்கினால் பாலம் பாதி நீளத்துக்கு வந்து நிற்கும். இன்லையர் எண்ணிக்கை அருமையாக இருக்கும், பிழை சிறிதாக இருக்கும், பாலம் மட்டும் கட்டை.

ஒரே அளவான இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்பதுதான் காரணம். மேட்சர் ஒவ்வொரு புள்ளிக்கும் மிகக் கிட்டிய இணையையும் அடுத்த இணையையும் ஒப்பிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால் சந்தேகத்துக்குரியது என்று கைவிடும். சிஃப்ட்டை உருவாக்கிய டேவிட் லோ 2004இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வைத்த விகிதம் 0.8, இன்றும் பலர் பாவிப்பது அதே எண். ஒரே மாதிரிச் சட்டங்கள் நிறைந்த படத்தில் இந்தச் சோதனை சரியான மேட்ச்களைத்தான் அதிகமாகக் கொல்கிறது. மிஞ்சுகிறவற்றில், மூன்றாம் சட்டத்தை நாலாம் சட்டத்தோடு சேர்ப்பவை ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்திவிடும். வடிவியல் சோதனைக்கு அது பொய் என்று தெரிய வழியில்லை. பனோரமாவில் இது இரட்டிப்பு, முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் அதே வரிசை.

விகிதத்தைத் தளர்த்தினாலும் இறுக்கினாலும் இது தீராது. ஒப்பிடும் சோடிகளைக் கட்டுப்படுத்துங்கள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடுவதை நிறுத்தி, எடுத்த வரிசையில் அடுத்த சில படங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். முன் முகத்தை முன் முகத்தோடும், பக்க முகத்தைப் பக்க முகத்தோடும் மட்டும் விடுங்கள். முன்பு எடுத்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோமா என்று பார்க்கும், சுற்றை மூடும் தேடலை இந்த இடத்துக்கு அணைத்துவிடுங்கள். ஒரு படம் சேர்வதற்கு வேண்டிய இன்லையர் எல்லையை உயர்த்துங்கள். அடுத்த முறை போகும்போது, ஒவ்வொரு சட்டத்தருகிலும் வெவ்வேறு எண்ணுள்ள ஏப்ரல்டேக் தாள்களை (மென்பொருள் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறிகள்) வைத்து எடுத்துவிட்டுக் கழற்றி வாருங்கள். பெயின்ற் உரிந்த இடங்களும் துருக் கறையும் சட்டத்துக்குச் சட்டம் வேறுபடும். அவை படத்தில் துலங்க வேண்டுமானால் காலையோ மாலையோ சாய்ந்த வெயில் நல்லது.

கோயில் மண்டபத் தூண்களுக்கும் இதே மருந்துதான். கோபுரம் ஒத்துழைக்கும், சிற்பங்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை.

வெள்ளைச் சுவரில் புள்ளியே இல்லை

முதல் எண்ணே குறைவு என்றால் இங்கே வாருங்கள். ஒரு புள்ளியை ஏற்க அது எவ்வளவு துலக்கமாக இருக்க வேண்டும் என்ற எல்லையை (peak threshold) பாதியாகக் குறையுங்கள், ஒரு முகத்துக்கு 8192 என்ற மேல் வரம்பு போதுமா என்று பாருங்கள். வெயில் நேரே விழும் நேரத்தைத் தவிருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சாந்தின் மேடுபள்ளமே புள்ளியாகும்.

இப்போது மேட்சரை மாற்றலாம். சூப்பர்பாயின்ட், 2023இல் வந்த லைட்க்ளூ போன்றவை இப்படி வறண்ட சுவரில் சிஃப்ட்டைவிட நன்றாக இயங்கும். இவை தட்டைப் படங்களில் பழகியவை, ஆகவே முகங்களைத்தான் கொடுக்க வேண்டும். சிஃப்ட் மாதிரிச் சுழற்சியைத் தாங்கவும் மாட்டா. நீங்கள் திரும்பி நடந்தால் கீழ் முகம் 180 பாகை சுழன்றிருக்கும், அதைச் சுழற்றிக் கொடுக்காவிட்டால் ஒன்றும் ஒட்டாது. எனக்கு வேலை சுவரில்தான் என்றால், கீழ் முகத்தைக் கழித்தே விடுவேன்.

வாயிலில் மாதிரி இரண்டு துண்டாகிறது

வெளியே ஒரு துண்டு, உள்ளே ஒரு துண்டு. நிலைப்படியைத் தாண்டும் அந்த ஒரு எட்டில், தெரிவது எல்லாமே மாறிவிடுகிறது, வெளிச்சமும் சேர்ந்து. வெட்டவெளியில் 2 மீற்றருக்கு ஒரு படம் போதும். வாசலுக்கு முன்னும் பின்னும் அரை மீற்றருக்கு ஒன்று எடுங்கள், ஒரு படம் நிலைப்படியிலேயே நின்று எடுங்கள். அது இரண்டு பக்கத்தையும் பார்க்கும். வெளிச்ச வித்தியாசத்துக்கு, வெளிச்ச அளவை மாற்றி எடுத்த பல படங்களைச் சேர்க்கும் எச்டிஆர் படம் உதவும், ஆனால் கமராவை ஏதாவது ஒன்றில் ஊன்றியிருக்க வேண்டும். வீடியோவிலிருந்து பிரேம் எடுப்பவர்கள், நேரக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல், ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் லாப்லாசியன் மாறளவு கூடிய, அதாவது கூர்மையான பிரேமைத் தெரிவு செய்யுங்கள். உள்ளே இருட்டில் நடந்தால் பாதிப் பிரேம் கலங்கியிருக்கும்.

எல்லாம் சேர்ந்துவிட்டது, மதில் மட்டும் இரட்டை

கோட்டையைச் சுற்றி நடந்து தொடங்கிய இடத்துக்கு வரும்போது, சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து முதல் மதிலும் கடைசி மதிலும் விலகி நிற்கும். வரிசை ஒப்பீடு மட்டும் செய்தால் மென்பொருளுக்குச் சுற்று மூடியது தெரியாது. இங்கே, பாலத்துக்கு மாறாக, சுற்றை மூடும் தேடலை இயக்க வேண்டும். படம் எடுக்கும்போதே, தொடங்கிய இடத்தைத் தாண்டி இன்னும் பத்துப் பதினைந்து மீற்றர் அதே திசையில் நடந்துவிடுங்கள், அதே சுவர் அதே பக்கத்திலிருந்து இரண்டு தடவை பதிவாகும்.

படங்களிலிருந்து வரும் மாதிரிக்கு மீற்றர் என்றால் என்னவென்று தெரியாது. இடத்தில் நிற்கும்போதே, தூரத் தூரமாக உள்ள மூன்று நீளங்களை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: வாயில் அகலம், ஒரு மதில் துண்டு, எதிர்ப் பக்கத்தில் ஒரு படிக்கட்டு. ஒன்றை வைத்து அளவைப் பொருத்தி, மற்ற இரண்டையும் மாதிரியில் அளந்து பாருங்கள். அவை 1 சதவீதத்துக்கு மேல் விலகினால், நீட்டி அமுக்கிச் சரிக்கட்ட வேண்டாம். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் எந்தச் சோடியில் இன்லையர் மெலிந்திருக்கிறது என்று டேட்டாபேஸில் தேடுங்கள்.